வரி அலுவலகம் நகர்ந்தது, செலவு எங்கே போனது?

தேர்வு முடிந்து ஊருக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. சும்மா தூங்கி எழுந்தது போதும், எதையாவது எழுதலாம் என்று உட்கார்ந்தேன். இந்த முறை கொஞ்சம் வறண்ட விஷயம்தான். வருமான வரி அலுவலகம். உடனே ஓடிவிடாதீர்கள். பி.காம் படிக்காதவர்களுக்கும் புரிகிற மாதிரி எழுத முயல்கிறேன். நடுவில் ஒரு வாழைக்காய் மண்டிக் கதையும் வரும்.

வரிப் பாடத்தில் முதல் வகுப்பிலேயே ஆடம் ஸ்மித்தின் நான்கு விதிகளைச் சொல்லிக் கொடுப்பார்கள். சமத்துவம், உறுதி, வசதி, சிக்கனம். ஐந்து மார்க் கேள்விக்கு நிச்சயம் வரும், நாமும் மனப்பாடம் செய்து எழுதிவிடுவோம். இதில் சிக்கன விதிக்கு, 'வரி வசூலிக்க அரசு குறைவாகச் செலவழிக்க வேண்டும்' என்று ஒரு வரி எழுதினால் முழு மார்க் கிடைக்கும். ஆனால் 1776இல் ஸ்மித் சொன்னது இதைவிடப் பெரிது. மக்களின் சட்டைப்பையிலிருந்து வெளியே போகிற பணத்துக்கும் அரசு கஜானாவுக்குள் வந்து சேர்கிற பணத்துக்கும் உள்ள இடைவெளி குறைவாக இருக்க வேண்டும் என்பதுதான் அவர் சொன்னது. வரி அதிகாரிகளால் மக்களுக்கு ஏற்படுகிற அலைச்சலையும் தொல்லையையும்கூட அவர் செலவாகவே பார்த்தார். பாடப்புத்தகத்தில் அரசின் செலவு மட்டும் தங்கிவிட்டது, மக்களின் செலவு காணாமல் போய்விட்டது.

இது ஏதோ புத்தகக் குறை என்று விட்டுவிடலாம்தான். ஆனால் நம் நாட்டிலும் கணக்கு இப்படியேதான் போடப்படுகிறது. வருமான வரித்துறை ஆண்டுதோறும் 'வசூல் செலவு' என்று ஒரு புள்ளிவிவரம் வெளியிடுகிறது. 2000-01இல் நேரடி வரியில் 100 ரூபாய் வசூலிக்கத் துறைக்கு ஆன செலவு 1 ரூபாய் 36 பைசா. 2023-24இல் அது வெறும் 44 பைசா. கேட்கவே நன்றாக இருக்கிறது. வசூல் பல மடங்கு பெருகியதும் இதற்கு ஒரு காரணம். இன்னொரு காரணமாகச் சொல்லப்படுவது, வேலைகளை ஊர் ஊராக இருந்த அலுவலகங்களிலிருந்து எடுத்து ஓரிரண்டு பெரிய மையங்களுக்கு மாற்றியது. என் கேள்வி இதுதான்: அந்த 1 ரூபாய் 36 பைசாவில் குறைந்த பணம் உண்மையிலேயே மிச்சமானதா, அல்லது வேறு யாருடைய சட்டைப்பைக்காவது இடம் மாறியதா?

முதலில், என்னென்ன நகர்ந்தது என்று பார்ப்போம்.

பழைய முறையில் ஒரு ஊரின் ரிட்டர்ன்கள் அந்த வட்டார அலுவலகத்துக்குத்தான் போகும். வாங்குவது, சரிபார்ப்பது, ரீஃபண்ட் கொடுப்பது, சந்தேகம் வந்தால் கூப்பிட்டு விசாரிப்பது, வரி பாக்கியை வசூலிப்பது, எல்லாம் ஒரே கட்டிடத்தில். 2009இல் பெங்களூரில் மத்தியச் செயலாக்க மையம் வந்தது. ரிட்டர்னைப் பரிசீலித்து ரீஃபண்ட் போடும் வேலை அங்கே போனது. டிடிஎஸ் வேலைக்கு டெல்லி அருகே காசியாபாத்தில் தனி மையம். அடுத்து 2019 அக்டோபரில் டெல்லியில் தேசிய மின்-மதிப்பீட்டு மையம் திறக்கப்பட்டது. 2020 ஆகஸ்ட் 13 அன்று ஃபேஸ்லெஸ் அசெஸ்மென்ட் என்கிற முகமற்ற மதிப்பீட்டைப் பிரதமர் தொடங்கி வைத்தார். செப்டம்பர் 25 முதல் மேல்முறையீடும் முகமற்றதானது. இப்போது மதுரைக்காரரின் கோப்பை அசாமில் இருப்பவர் பார்க்கலாம், சென்னையில் உட்கார்ந்திருப்பவர் ராஜஸ்தான்காரரின் கோப்பைப் பார்க்கலாம். யார் பார்க்கிறார் என்று வரி கட்டுபவருக்கும் தெரியாது.

கட்டிடங்கள் அதே இடத்தில்தான் இருக்கின்றன. பெயர்ப்பலகையும் இருக்கிறது. உள்ளே இருந்த வேலைதான் நகர்ந்துவிட்டது. அதனால்தான் இந்த இடமாற்றம் நம் கண்ணில் படுவதில்லை.

இதில் ஒரு சின்ன உதாரணம். இணையத்தில் ரிட்டர்ன் போட்ட பிறகு ஐ.டி.ஆர்-வி என்று ஒரு தாளை அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டி அஞ்சல் பெட்டிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. சாதாரணத் தபால் அல்லது ஸ்பீட் போஸ்ட் மட்டுமே, கூரியர் கூடாது. 2015இல் ஆதார் ஓடிபி வந்த பிறகுதான் பெரும்பாலானவர்கள் அதிலிருந்து தப்பினார்கள். ஒரு தாளுக்கு அச்சு, கவர், தபால் எல்லாம் சேர்த்து முப்பது நாற்பது ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனால் இதைக் கட்டியது யார்? துறையின் வசூல் செலவில் இந்த நாற்பது ரூபாய் ஒருபோதும் ஏறவில்லை. லட்சக்கணக்கான பேரால் பெருக்கிப் பாருங்கள்.

நாற்பது ரூபாயோடு போயிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். மண்டிக் கதைக்கு வருகிறேன்.

என் தாய்மாமா தேனி மாவட்டத்தில் வாழைக்காய் கமிஷன் மண்டி வைத்திருக்கிறார். தோட்டக்காரர்கள் தார்களைக் கொண்டுவந்து இறக்குவார்கள். காலையில் ஏலம். வியாபாரிகள் ரொக்கமாகக் கொடுப்பார்கள். மாமா அதில் நூற்றுக்குப் பத்து கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியைத் தோட்டக்காரருக்குக் கொடுத்துவிடுவார். பெரிய தோட்டக்காரர்கள் பணத்தை வங்கியில் போடச் சொல்வார்கள். அதனால் மாமா ரொக்கத்தைத் தன் நடப்புக் கணக்கில் கட்டி, அங்கிருந்து அவர்கள் கணக்குக்கு அனுப்புவார். பகலில் சிட்டையில் எழுதி ராத்திரி பேரேட்டில் ஏற்றுவார். எல்லாம் தமிழில்தான். ஒவ்வொரு வருடமும் தன் கமிஷன் வருமானத்துக்கு ஒழுங்காக ரிட்டர்ன் போடுகிறவர்.

2018-19 நிதியாண்டில் இப்படி 11 லட்சம் ரூபாய் அவர் கணக்கில் ரொக்கமாகக் கட்டப்பட்டிருந்தது. கணினி அதைப் பிடித்துவிட்டது. காட்டிய வருமானத்துக்கும் கட்டிய ரொக்கத்துக்கும் பொருந்தவில்லை என்று கோப்பு ஆய்வுக்கு எடுக்கப்பட்டது. எடுத்ததில் தவறே இல்லை, சந்தேகம் வரக்கூடிய விஷயம்தான்.

பிரச்சினை பிறகுதான். நோட்டீஸ்கள் எல்லாம் மின்னஞ்சலில் வந்தன. அந்த மின்னஞ்சல் முகவரி மாமாவுடையது இல்லை. முதன்முதலில் அவருக்கு ரிட்டர்ன் போட்டுக் கொடுத்தவர் தன் முகவரியையும் தன் கைபேசி எண்ணையும் போட்டுப் பதிவு செய்திருந்தார். எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு இதுதான் நிலைமை. அந்த ஆள் ஊரடங்கு சமயத்தில் திருப்பூருக்குப் போய்விட்டார், எண்ணையும் மாற்றிவிட்டார். ஒரு நோட்டீஸ், இரண்டு, மூன்று. பதில் இல்லை. 2021 செப்டம்பரில் உத்தரவு வந்துவிட்டது. 11 லட்சமும் கணக்கில் வராத பணம், அதற்கு வரி 60 சதவீதம், அதன் மேல் 25 சதவீதம் சர்சார்ஜ், அதன் மேல் 4 சதவீதம் செஸ். மொத்தம் 78 சதவீதம். அதாவது 8 லட்சத்து 58 ஆயிரம், வட்டி தனி.

அந்த உத்தரவும் அதே மின்னஞ்சலுக்குத்தான் போனது. 2022 பிப்ரவரியில் ஒரு தோட்டக்காரருக்கு பணம் அனுப்பப் போனபோது வங்கிக் கணக்கு முடக்கப்பட்டிருப்பது தெரிந்தபோதுதான் மாமாவுக்கு விஷயமே தெரியும். அப்போது நான் பதினொன்றாம் வகுப்பு. அன்று ராத்திரி அம்மா அழுதது நன்றாக ஞாபகம் இருக்கிறது. பத்து சதவீதக் கமிஷன்காரரிடம் 78 சதவீத வரி. யார் வீட்டில்தான் அழ மாட்டார்கள்?

மாமா பேரேடுகளை ஒரு சாக்குப்பையில் கட்டிக்கொண்டு வரி அலுவலகத்துக்குப் போனார். அங்கே இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசியிருக்கிறார். பேரேட்டைப் புரட்டிப் பார்த்தவுடனே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவரும் இந்தப் பக்கத்து ஆள்தான், வாழைக்காய் மண்டி எப்படி நடக்கும் என்று யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனால் அவர் சொன்ன பதிலை மாமா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். "ஐயா, உங்ககிட்ட பணத்தை வசூல் பண்ற அதிகாரம் எங்கிட்ட இருக்கு. உங்க கணக்கைக் கேக்குற அதிகாரம் எங்கிட்ட இல்ல."

சட்டப்படி அவர் சொன்னது சரி. மதிப்பீடு செய்யும் வேலை நகர்ந்துவிட்டது. பாக்கியை வசூலிக்கும் வேலை மட்டும் உள்ளூர் அலுவலகத்திலேயே தங்கிவிட்டது. காது டெல்லிக்குப் போய்விட்டது, கை மட்டும் ஊரில் இருக்கிறது.

மேல்முறையீடு செய்தோம். தாமதத்துக்கு மன்னிப்பு மனுவும் சேர்த்து. அதுவரை மீதியை வசூலிக்காமல் இருக்க, 2017இல் துறை போட்ட வழிகாட்டுதலின்படி கேட்பில் 20 சதவீதம் கட்ட வேண்டும். வரித் தொகையில் 1,71,600 ரூபாய் கட்டினோம். பேரேடு தமிழில் இருந்ததால் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தட்டச்சு செய்து ஸ்கேன் எடுத்து ஏற்ற வேண்டியதாயிற்று. கோப்பைப் பார்ப்பவருக்குத் தமிழ் தெரியும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லையே. 26 மாதம் கழித்து, 2024 மே மாதம் தீர்ப்பு வந்தது. மாமா சொன்னது முழுமையாக ஏற்கப்பட்டது. வரி பூஜ்ஜியம். கட்டிய பணம் வட்டியோடு திரும்ப வந்தது.

நியாயம் கிடைத்துவிட்டதே, பிறகு என்ன என்று கேட்கலாம். நான் காமர்ஸ் மாணவன், கணக்குப் போட்டுப் பார்க்காமல் விட முடியுமா?

மேல்முறையீட்டுக் கட்டணம் 1,000 ரூபாய். ஆடிட்டர் கட்டணம் 40,000. மொழிபெயர்ப்பு, தட்டச்சு, ஸ்கேன் 14,000. ஆடிட்டரைப் பார்க்க மதுரைக்குப் பதினோரு தடவை, பஸ்ஸும் சாப்பாடும் தடவைக்கு 400 வீதம் 4,400. அந்த 1,71,600 ரூபாயை மாமா ஒன்றரை வட்டிக்கு வாங்கித்தான் கட்டினார். மாதம் 2,574 வீதம் 26 மாதத்துக்கு 66,924. அரசு திருப்பிக் கொடுத்த வட்டி மாதத்துக்கு அரை சதவீதம், அதாவது 22,308. வித்தியாசம் 44,616. எல்லாம் கூட்டினால் 1,04,016 ரூபாய். மண்டியைப் பூட்டிவிட்டு அலைந்த நாட்களையும், கணக்கு முடங்கியதால் வேறு மண்டிக்குப் போய்விட்ட தோட்டக்காரர்களையும் நான் சேர்க்கவில்லை.

இப்போது இன்னொரு எண்ணைப் பாருங்கள். அந்த 11 லட்சத்தில் மாமாவுக்குக் கிடைத்த கமிஷன் 1,10,000. கிட்டத்தட்ட முழுவதும் போய்விட்டது. அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை என்று நிரூபிப்பதற்காக!

இந்த 1,04,016 ரூபாய் நாட்டின் எந்தக் கணக்கிலும் இல்லை. துறையின் செலவில் இல்லை, பட்ஜெட்டில் இல்லை. பொருளாதாரத்தில் இதற்கு இணக்கச் செலவு என்று பெயர். செட்ரிக் சாண்ட்ஃபோர்ட் என்ற பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் 1970களிலேயே இதை வரியின் மறைமுகச் செலவு என்று அளந்து காட்ட ஆரம்பித்தார். உள்ளூர் அதிகாரி ஒருவர் அரை மணி நேரத்தில் பேரேட்டைப் புரட்டி முடித்திருக்க வேண்டிய வேலை அது. அந்த அரை மணி நேரம் துறைக்கு மிச்சம். அதன் விலை எங்கள் வீட்டில் ஒரு லட்சம்.

சரி, அந்தப் பக்கத்தையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் 'பழையதெல்லாம் பொன்' என்று எழுதுகிற கும்பலில் என்னையும் சேர்த்துவிடுவீர்கள்.

பழைய முறை யோக்கியமாக இருந்ததா? மாமாவிடமே கேட்டேன். "அடப் போ மாப்ள. அப்ப ஒம்பதாயிரம் ரூவா ரீஃபண்டுக்கு ரெண்டு வருஷம் நடந்தேன். கவனிக்க வேண்டியவங்களக் கவனிச்சாத்தான் ஃபைலு நகரும். இப்ப ரிட்டர்ன் போட்ட மூணாவது வாரம் பணம் தானா வந்து விழுது" என்றார். இவ்வளவு பட்டவரே இப்படிச் சொல்கிறார் என்றால் அதில் உண்மை இருக்கிறது. லஞ்சமும் ஒரு இணக்கச் செலவுதான். பெங்களூர் மையம் அதைப் பெரிய அளவில் ஒழித்தது. அரசு அதற்காகச் செலவழிக்கவும் செய்தது. 2019 ஜனவரியில் மையத்தின் அடுத்த கட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒதுக்கியது சுமார் 4,242 கோடி ரூபாய். ரிட்டர்னைப் பரிசீலிக்க ஆகும் 63 நாளை ஒரே நாளாக்குவது இலக்கு. 2021 ஜூன் 7 அன்று புதிய இணையதளம் வந்தபோது முதல் சில மாதங்கள் எல்லோரும் பட்ட பாடு வேறு கதை. ஆனால் இன்றைக்கு சம்பளக்காரர் ஒருவருக்கு ரிட்டர்ன் போடுவது எவ்வளவோ சுலபம்.

அதனால் என் வாதம் 'நகர்த்தாதே' என்பது இல்லை. எதை நகர்த்துகிறோம் என்று பார் என்பதுதான். கூட்டிக் கழித்துப் பார்க்கிற வேலையை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். எண் எங்கே போனாலும் எண்தான். ஆனால் ஒரு ஆள் சொல்வதைக் கேட்டுப் புரிந்துகொள்கிற வேலை அப்படி இல்லை. அதற்கு ஊர் தெரிய வேண்டும், தொழில் தெரிய வேண்டும், மொழி தெரிய வேண்டும். முதல் வகையில் துறைக்கும் லாபம், நமக்கும் லாபம். இரண்டாவது வகையில் துறையின் லாபம் நம் நஷ்டத்திலிருந்து வருகிறது. இரண்டையும் ஒரே திட்டம் போல ஒரே வண்டியில் ஏற்றியதுதான் தவறு.

இடமாற்றத்தின் செலவைச் சரியாகக் கணக்கிடுவது கஷ்டம் என்பதற்குப் பிரிட்டனே சாட்சி. அங்கே 2001இல் 600க்கும் மேற்பட்ட வரி, சுங்க அலுவலகக் கட்டிடங்களை ஒரு தனியார் நிறுவனத்திடம் விற்றுவிட்டு 20 வருடத்துக்கு வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள். வாங்கிய நிறுவனம் வரியில்லாத பெர்முடா தீவைச் சேர்ந்தது என்பது பிறகுதான் பெரிய விவகாரமானது. வரி அலுவலகமே வரி ஏய்ப்புச் சொர்க்கத்துக்கு வாடகை கட்டியது! அந்த ஒப்பந்தம் 2021இல் முடிவதையொட்டி, சுமார் 170 அலுவலகங்களை மூடி 13 வட்டார மையங்களாக்கப் போவதாக 2015 நவம்பரில் துறை அறிவித்தது. பணம் மிச்சமாகும் என்றார்கள். 2017 ஜனவரியிலேயே அந்த நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம், முதலில் போட்ட திட்டம் நடைமுறைக்கு ஒத்துவராதது என்று சொல்லிவிட்டது. பத்தாண்டுச் செலவு மதிப்பீடு கிட்டத்தட்ட 60 கோடி பவுண்டு, அதாவது 22 சதவீதம் ஏறியிருந்தது. பெரிய நகரத்தில் பெரிய கட்டிடம் என்றால் வாடகையும் பராமரிப்பும் பெரிதுதானே. வேலையை இழப்பவர்களுக்கு இழப்பீடு, தூரத்திலிருந்து வருபவர்களுக்குப் பயணச் செலவு இவையும் உண்டு.

ஆனால் அங்கே ஒரு நல்ல விஷயம் நடந்தது. ஒரு தணிக்கை அமைப்பு ரூபாய் பைசாவாக, மன்னிக்கவும், பவுண்டு பென்ஸாகக் கணக்குப் போட்டு மக்கள் முன்னால் வைத்தது. அதுவும்கூட அரசின் செலவை மட்டும்தான் முக்கியமாகப் பார்த்தது. வரி கட்டுபவரின் செலவு அங்கேயும் ஓரத்தில்தான்.

நம் நாட்டில் இந்த அனுபவங்களிலிருந்து எதுவும் மாறவில்லையா என்றால், மாறியிருக்கிறது. விளக்கம் கேட்காமலே போடப்பட்ட முகமற்ற உத்தரவுகள் பலவற்றை உயர் நீதிமன்றங்கள் ரத்து செய்தன. 2022 நிதிச் சட்டத்தில், வரி கட்டுபவர் கேட்டால் காணொளி வழியாக அவர் தரப்பைக் கேட்டே ஆக வேண்டும் என்று திருத்தினார்கள். நல்லது. ஆனால் அதே சட்டத்தில், நடைமுறையைப் பின்பற்றாமல் போடும் மதிப்பீடு செல்லாது என்று சொன்ன உட்பிரிவை முன்தேதியிட்டு நீக்கியும் விட்டார்கள். ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்த மாதிரி. துறை செய்கிற பிழையின் செலவும் நம் பக்கம் கொஞ்சம் நகர்ந்துவிட்டது. 2025இல் வந்த புதிய வருமான வரிச் சட்டத்திலும் முகமற்ற முறை தொடர்கிறது. ஆக, இனி நாம் பேச வேண்டியது இதை எப்படிச் சரிசெய்வது என்பதைத்தான்.

எனக்குத் தோன்றுவது நான்கு விஷயங்கள்.

ஒன்று. மின்னஞ்சலுக்குப் பதிலே வராத கோப்பில் உத்தரவு போடும் முன், வீட்டு முகவரிக்கு ஒரு பதிவுத் தபால் வர வேண்டும். தபால்காரருக்கு மாமாவின் வீடு தெரியும். ஒரு தபாலின் செலவு என்ன வரப்போகிறது? எங்கள் விஷயத்தில் அந்த ஒரு தபால் வந்திருந்தால் பாதிக் கதை நடந்தே இருக்காது.

இரண்டு. உள்ளூர் அலுவலகத்துக்குக் காதைத் திருப்பிக் கொடுங்கள். முடிவெடுக்கும் அதிகாரம் வேண்டாம், அது தூரத்திலேயே இருக்கட்டும். கணக்குப் புத்தகத்தை நேரில் வாங்கிப் பார்த்து, உள்ளூர் மொழியில் இருப்பதைச் சுருக்கி ஆங்கிலத்தில் குறிப்பெழுதி அனுப்பும் வேலையை மட்டும் கொடுங்கள். மறுபடி லஞ்சம் வந்துவிடாதா என்று கேட்பீர்கள். பார்க்கிறவர் ஒருவர், தீர்ப்புச் சொல்கிறவர் வேறொருவர் என்று இருக்கும்போது, பார்க்கிறவருக்குக் கொடுத்துப் பெரிய பயன் இல்லை. அந்தச் சந்திப்பைக் காணொளியில் பதிவும் செய்யலாம். ஆயகர் சேவா கேந்திரா என்ற பெயரில் பல ஊர் அலுவலகங்களில் ஏற்கெனவே சேவை மையம் இருக்கிறது. புதிதாகக் கட்டிடம் கட்டத் தேவையில்லை, அங்கேயே ஒரு மேசை போதும்.

மூன்று. மேல்முறையீட்டில் வரி முழுவதும் தள்ளுபடியானால், அந்த மனிதர் கட்டிய கட்டணத்தையும் நியாயமான ஆடிட்டர் செலவையும் துறை திருப்பிக் கொடுக்க வேண்டும். செலவு தன் கணக்கில் ஏறும் என்று தெரிந்தால் உத்தரவு போடும்போது ஒரு நிமிடம் யோசிப்பார்கள். நாம் படிக்கிற செலவுக் கணக்கியலின் முதல் பாடமே, செலவை அதை உண்டாக்கியவர் கணக்கில் எழுது என்பதுதானே.

நான்கு. வருடா வருடம் வெளியிடுகிற 44 பைசாவுக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணையும் வெளியிடுங்கள். அந்த 100 ரூபாயைக் கட்டுவதற்கு மக்களுக்கு என்ன செலவானது என்று. மாதிரி ஆய்வு செய்தால்கூடப் போதும். இரண்டு எண்ணும் சேர்ந்து குறைந்தால்தான் அது சிக்கனம். ஒன்று குறைந்து இன்னொன்று ஏறினால் அதற்குப் பெயர் இடமாற்றம்.

இந்த விடுமுறையில் மாமாவின் வரிக் கணக்கில் மின்னஞ்சல் முகவரியையும் கைபேசி எண்ணையும் நான்தான் மாற்றிக் கொடுத்தேன். பத்து நிமிட வேலை. பிறகு மண்டித் தெருவில் இன்னும் ஏழு பேருக்கு இதே வேலையைச் செய்து கொடுத்தேன். ஏழில் ஐந்து பேருடைய கணக்கில் இருந்தது வேறு யாருடையதோ எண்தான். ஒருவருக்குப் பார்க்காத நோட்டீஸ் ஒன்று காத்திருந்தது. நல்லவேளை, பதில் சொல்ல இன்னும் ஒன்பது நாள் மிச்சம் இருந்தது. அவர் பேரேட்டை எடுத்துக்கொண்டு மறுநாளே மதுரைக்குக் கிளம்பிவிட்டார்.

நண்பர்களே, உங்கள் அப்பா, அம்மா, சித்தப்பா யாராவது கடையோ தொழிலோ வைத்திருந்தால் இன்றைக்கே வரித்துறை தளத்தில் அவர்கள் கணக்கைத் திறந்து, யார் மின்னஞ்சல் இருக்கிறது என்று பாருங்கள். மீதியைப் பிறகு விவாதிக்கலாம்.